எட்டாம் பாட்டுக்கு முன்னால்

வாத்தியத்துக்குச் சுருதி சேர்த்தால் போதாது, வாசிக்கிற ஆளுக்கும் சேர்க்க வேண்டும் என்பது அண்ணனின் கட்சி. பாட்டைப் பதியத் தயாரானதும், கிதாரைக் கழுத்திலிருந்து கழற்றாமலே பக்கத்தில் வந்து காதோடு ஒரு வாக்கியம் சொல்வான். உன் வீட்டு நாய் லாரியில் அடிபட்டுவிட்டது என்பான். நீ ஒருத்தனுக்காக உருகுகிறாயே, அவன் வேறொருத்தியோடு போவதைப் பார்த்தேன் என்பான். சொன்ன கையோடு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பாட்டைத் தொடங்கிவிடுவான். மறு கேள்விக்கு நேரம் இருக்காது. செய்தி வயிற்றுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே வாசித்தாக வேண்டும். பாட்டு முடிந்த பிறகுதான் தீர்ப்பு. "நிஜம்" என்பான், அல்லது "பொய்" என்பான். பத்துக்கு ஒன்பது பொய்தான். அந்தப் பத்தாவதுக்குப் பயந்துதான் ஒன்பதும் வேலை செய்தது.

தங்கைக்கு இது பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. அவள் வயலின் வாசித்தாள், அண்ணனுக்கு இரண்டாம் குரல் பாடினாள். அவர்கள் இருவரும், டிரம்ஸ் வாசித்த ஊமையனும்தான் குழு. வாய் ஓயாமல் பேசுகிறவன் என்பதால்தான் அவனுக்கு ஊமையன் என்று பெயர். பாட்டெல்லாம் அம்மா வைத்திருந்த மெட்டுகளிலிருந்து வந்தவை. அம்மா ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். எதிரும் புதிருமாக நின்று விரிப்புகளை மடிக்கும்போது பெண்கள் பாடுகிற பழைய பாட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவருவாள். அண்ணன் அவற்றின் வேகத்தைப் பாதியாக்கி, மின்கிதாரைச் சேர்த்து, சொற்களைத் தானே எழுதினான். முதல் கச்சேரியில், பின் வரிசையில் இருந்த ஒருவன் ஈரத்துணியைப் போர்த்திவிட்ட மாதிரி இருக்கிறது என்று உரக்கச் சொல்லிவிட்டு எழுந்து போனான். குழுவுக்கு அன்றே ஈரத்துணி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

முதல் ஆல்பத்துக்குப் பெயர் ‘கீழ்வீட்டுக்காரர்கள்’. டயர் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில், சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய ஓர் அறையில் பதிவு செய்தார்கள். அறையின் சொந்தக்காரரே ஒலிப்பதிவாளர். காதுகாரர் என்று கூப்பிடுவார்கள். ஆட்கள் உள்ளே வருவதற்கு முன்பே டேப்பை ஓட விடுவார், எல்லாரும் போன பிறகுதான் நிறுத்துவார். கத்தரிக்கோல் பிற்பாடு, காது முன்னாடி என்பார். ஆல்பத்துக்கு எட்டுப் பாட்டு என்பதும், எட்டாவதைக் கடைசி நாளில்தான் பதிய வேண்டும் என்பதும் அண்ணன் போட்ட சட்டம். முதல் ஆல்பத்தை நண்பர்கள் கேட்டார்கள். நண்பர்களின் நண்பர்கள், வேறு வழியில்லாமல், கேட்டார்கள்.

பெயர் வாங்கித் தந்தது இரண்டாவது, ‘பார்வை நேரம்’. அம்மா நுரையீரல் நோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்த ஏழு வாரத்தில் எழுதிய பாட்டுகள். அதன் எட்டாம் பாட்டில், மூன்றாம் சரணத்துக்கு நடுவே, வயலின் வில் தந்தியை விட்டு நழுவி அரை மூச்சு நேரம் காணாமல் போய்த் திரும்பி வரும். இசை விமர்சகர்கள் அந்த அரை மூச்சைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். திட்டமிட்டுச் செய்த மௌனம் என்று ஒருவர். துக்கத்தின் இலக்கணம் என்று இன்னொருவர்.

அன்று காலை நடந்தது இதுதான். தங்கை கீழே போய் பிளாஸ்கில் டீ வாங்கிக்கொண்டு ஊமையனோடு மேலே வந்தாள். வயலினை எடுத்துத் தோளில் வைத்தாள். அண்ணன் பக்கத்தில் வந்தான்.

"அம்மா போயிட்டாங்க" என்றான். ஒன்று, இரண்டு, மூன்று.

அவள் வாசித்தாள். வில் நழுவியது, திரும்பி வந்தது. பாட்டு முடிந்ததும் அண்ணன் தீர்ப்புச் சொல்லவில்லை. எதற்கும் இன்னொன்று என்றான். கன்னமெல்லாம் ஈரமாக இன்னொரு முறையும் வாசித்தாள். பிறகு வயலினை நாற்காலியில் வைத்துவிட்டு நடைக்கோடியில் இருந்த குளியலறைக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். சற்று நேரம் கழித்துக் கதவுக்கு வெளியே அவன் குரல் கேட்டது.

"பொய். ஆனா இப்பதான் ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துச்சு. உன்னைப் பார்க்கணுமாம். போயிட்டு வா."

அவளுக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. கதவைத் திறந்து அவன் முதுகில் நாலு அடி வைத்தாள். சிரித்தாள். முகம் கழுவினாள். ஆறிப்போன டீயைக் குடித்தாள். கூட்டமாக வந்த முதல் பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் உட்கார்ந்து போனாள். ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஆரஞ்சு பொறுக்கினாள். வார்டுக்குள் நுழைந்தபோது அம்மாவின் கட்டில் வெறுமையாக இருந்தது. பணிப்பெண் ஒருத்தி விரிப்பைத் தனியாளாக மடித்துக்கொண்டிருந்தாள். இருபது நிமிடம் ஆகிறது என்றார்கள்.

"உங்களைத்தாம்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்க" என்றாள் நர்ஸ். "நாங்க எப்பவோ போன் பண்ணிட்டோமே."

அந்த எப்பவோ என்கிற சொல் தங்கையின் தலைக்குள் குடிபுகுந்துவிட்டது. பாட்டு ஆறு நிமிடம். இரண்டு முறை என்றால் பன்னிரண்டு. நடுவில் ஊமையன் குச்சியைத் தவறவிட்டுத் தேடியது, மைக்கைச் சரிசெய்தது என்று முக்கால் மணியாவது போயிருக்கும். போன் அதற்கு முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா? அம்மாவை அடக்கம் செய்த மறுநாள் கேட்டாள். "டேக் முடிஞ்சப்புறம்தான்" என்றான் அண்ணன். நர்ஸுக்கு நூறு நோயாளி, நேரம் எங்கே நினைவிருக்கும் என்றான். ஆல்பம் வெளியான அன்று கேட்டாள், அதே பதில். அவன் கல்யாணத்தன்று, மணமகனை இதையெல்லாமா கேட்பது என்று நினைத்துக்கொண்டே கேட்டாள். டேக் முடிஞ்சப்புறம்தான். பதில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. பார்த்து ஒப்பிப்பவனுக்குத்தான் அப்படி மாறாது என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் அவன் வாயால் வந்தாக வேண்டும். வேறெதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. மன்னிப்புக்கூட வேண்டாம்.

மூன்றாவது ஆல்பம் ‘நன்றி, வேண்டாம்’. ரசிகர்களும் அதையேதான் சொன்னார்கள். துக்கம் இவர்களுக்குத் தொழிலாகிவிட்டது என்று எழுதிய விமர்சகர் பொய் சொல்லவில்லை. அண்ணன் என்ன சொன்னாலும் யாருக்கும் உறைக்காத நிலை வந்திருந்தது. வீடு எரிகிறது என்றால், இன்ஷூரன்ஸ் இருக்கு, எண்ணிக்கையை ஆரம்பி என்பான் ஊமையன். அவனிடம்தான் கடைசி நாளன்று, உன் பொண்டாட்டி பெட்டியோட கிளம்பிட்டா என்றான் அண்ணன். ஊமையன் சிரித்துக்கொண்டே வாசித்தான். முடிந்ததும் அண்ணன், "நிஜம்" என்றான். அதையும் வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு, பெட்டியில இருக்கிறது என் சட்டை, அவளுக்குப் பொருந்தாது, திரும்பி வந்துடுவா என்று பதிலுக்கு ஒரு போடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனான். பீரோ காலியாக இருந்தது. காலையில் அவள் அண்ணனிடம்தான் தகவல் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். ஊமையன் மறுநாள் டிரம்ஸைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனான். ஈரத்துணி அத்தோடு கலைந்தது.

பிறகு பல வருடம் தங்கை பள்ளிப் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லித் தந்தாள். அண்ணன் விளம்பரங்களுக்கு மெட்டுப் போட்டான். பற்பசைக்கு அவன் போட்ட மெட்டைக் கேட்டால்கூடக் கண் கலங்கும் என்று அண்ணி பெருமையாகச் சொல்வாள். அவள் வெள்ளை மனசுக்காரி. அவனிடமிருந்து இந்தச் சுருதி சேர்க்கிற கதை எதுவும் அவள் காதுக்குப் போனதில்லை.

‘பார்வை நேரம்’ வெளிவந்து பன்னிரண்டு வருடம் கழித்து அதற்கு மறுபதிப்புப் போட ஒரு கம்பெனி வந்தது. கூடவே நாலாவதாக ஒரு புது ஆல்பமும் வேண்டும் என்றார்கள். பழைய கோபத்தை விட்டுவிட்டு ஊமையனும் வந்தான், முதுகுவலிக்கு உட்கார இரண்டு மெத்தையோடு. மறுபதிப்பின் அட்டையில் போட நாலு பக்கம் எழுதித் தரும்படி தங்கையிடம் கேட்டார்கள். நினைவைக் கிளறிக்கொள்ள வெட்டாத பழைய டேப்புகளைக் கேட்கலாமா என்று காதுகாரரிடம் போனாள். அவர் பெட்டியை எடுத்து வைத்துவிட்டு, கையை அதன் மேலிருந்து எடுக்காமலே சொன்னார்.

"எட்டாம் பாட்டுக்கு முன்னால கொஞ்சம் இருக்கும்மா. வேண்டாம்னா தள்ளிவிட்டுக் கேளு."

அவள் தள்ளவில்லை. ஹெட்போனில் முதலில் நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு சுவரில் இருந்த போன் நாலு முறை மணியடித்தது. அண்ணன் எடுத்தான்.

"ஆமா, மகன்தான் பேசறேன்… அவளைத்தான் கேக்குறாங்களா?… எவ்வளவு நேரம் தாங்கும்?… சரி, வந்துடறோம்."

போன் வைக்கப்பட்டது. தீக்குச்சி உரசியது. எட்டாம் பாட்டின் முதல் வரியை அவன் வாய்க்குள்ளேயே முனகிப் பார்த்தான், இரண்டு முறை. பிறகு படியேறும் சத்தம், ஊமையனின் தொணதொணப்பு. கடைசியாக, பன்னிரண்டு வயது குறைந்த அவளுடைய குரலே கேட்டது. டீ சூடா இருக்கு, முதல்ல யாருக்கு?

ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். "உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா சார்?"

காதுகாரர் ஒரு வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். தெரியும் என்று தலையசைத்தார்.

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா டேக் போயிருக்கும்" என்றார். வயரை ஆணியில் மாட்டினார். "நல்ல டேக்மா அது."

அவள் அண்ணனிடம் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. நாலு பக்கமும் எழுதிக் கொடுத்தாள். பழைய காலம், பழைய தோழமை, முட்டை அட்டை. அதைப் படித்துவிட்டு அவன் கட்டிக்கொண்டான். அவன் எலும்பும் தோலுமாகியிருந்தது அப்போதுதான் அவள் கைக்குத் தெரிந்தது.

புது ஆல்பத்துக்கு அவன் வைத்த பெயர் ‘வெயில் வந்த பிறகு’. இந்த முறை ஆட்டத்தை மாற்றினான். என் சரக்கெல்லாம் உங்களுக்குத் தெரியும், இனிமேல் எனக்கு நீதான் சுருதி சேர்க்கணும் என்றான் தங்கையிடம். அவளும் ஏழு பாட்டுக்கு ஏழு பொய் சொன்னாள். உன் கிதாரைத் திருடிட்டாங்க. அண்ணி கோவிச்சுக்கிட்டு அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க. அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அடுப்புல பால் பொங்கிடுச்சுன்னு சொல்ற மாதிரி இருக்குடி என்றான். ஏழு பாட்டும் சுமாராகவே வந்தன. கம்பெனிக்காரர்கள் மரியாதையாகப் பேசத் தொடங்கியிருந்தார்கள், அது நல்ல அறிகுறி இல்லை.

நாலு நாளாகவே அவனுக்கு நெஞ்சுக்கும் முதுகுக்கும் நடுவில் ஆணி அடிக்கிற மாதிரி ஒரு வலி. அண்ணி பிடிவாதம் பிடித்து, அவனை அனுப்பி ஸ்கேன் எடுக்க வைத்தாள். பதிவு நேரத்தில் அவன் போனை அணைத்து வைப்பான். அண்ணியோ ஆஸ்பத்திரி என்றாலே மயங்கி விழுகிறவள். அதனால் ஆஸ்பத்திரியில் தங்கையின் எண்ணைக் கொடுத்திருந்தான்.

எட்டாம் பாட்டின் நாள். பதினொரு மணிக்கு நடையில் நின்று வில்லுக்குப் பிசின் தேய்த்துக்கொண்டிருந்தவளுக்குப் போன் வந்தது. ஒரு பெண் டாக்டர். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கியிருக்கிறது என்றார். எந்த நிமிடமும் கிழியலாம், கனம் தூக்கக் கூடாது, குரலை உயர்த்தக் கூடாது, இருக்கிற இடத்துக்கே ஆம்புலன்ஸ் அனுப்புகிறோம், முகவரி சொல்லுங்கள் என்றார்.

"எவ்வளவு நேரம் தாங்கும்?" என்று தங்கை கேட்டாள்.

அதைச் சொல்ல முடியாது, இப்போதே வர வேண்டும் என்றார் டாக்டர். பக்கத்தில்தான் இருக்கிறோம், நாங்களே கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறோம் என்றாள் இவள்.

உள்ளே போனபோது சொல்லிவிடுவதாகத்தான் இருந்தாள். சொல்லவும் செய்தாள். அவன் மைக் முன்னால் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தான். ஊமையன் குச்சியைத் தூக்கிவிட்டான். கண்ணாடிக்குப் பின்னால் காதுகாரர் தலையைக் குனிந்திருந்தார். தங்கை அண்ணனின் காதோடு குனிந்தாள்.

"ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துச்சு. உன் நெஞ்சுல பெரிய குழாய் வீங்கியிருக்காம். எந்த நிமிஷமும் வெடிச்சிடுமாம். உடனே வரச் சொல்றாங்க. பாடினா செத்துப்போயிடுவே."

அவன் கண்ணைத் திறந்தான். அந்த முகத்தில் முதலில் வந்தது பயம், கலப்படமில்லாத பயம். அதன் பின்னாலேயே ஒரு வெளிச்சம் வந்தது. அப்படிப் போடு என்கிற பார்வை. இழுத்து ஒரு மூச்சு வாங்கினான். ஒன்று, இரண்டு, மூன்று.

அப்படி அவன் பாடிக் கேட்டதில்லை. மேல் ஸ்தாயியில் குரல் உடையப் போகிற இடத்தில் உடையாமல் நின்றது. ஊமையன் முகத்தைத் துடைக்க வழியில்லாமல் வாசித்தான். பாட்டு முடிந்தது. அண்ணன் வியர்த்துக் கொட்டிக்கொண்டு, எதற்கும் இன்னொன்று என்றான். இன்னொன்றும் பாடினான்.

பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து நெஞ்சை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டான். தங்கை அவனுக்கு டீ ஊற்றிக் கொடுத்தாள். ஊமையன் வெளியே போயிருந்தான்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு அம்மா விஷயமா போன் எப்ப வந்துச்சு?"

"இன்னுமா அதைப் பிடிச்சுக்கிட்டிருக்கே?"

"கடைசியா கேக்கறேன்."

"டேக் முடிஞ்சப்புறம்தான்." டீயை ஊதினான். "எத்தனை தடவைடி சொல்றது?"

அவள் வில்லைத் தளர்த்தினாள். தந்திகளில் படிந்திருந்த பிசின் தூளைத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். அவன் டீயைக் குடித்து முடித்துவிட்டு, தீர்ப்புக்குக் காத்திருக்கிறவனாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சிரிக்க முயன்றான், உதடு முழுதாக ஒத்துழைக்கவில்லை.

"சரி, என் விஷயத்துக்கு வா. நிஜமா, பொய்யா?"

"பொய்" என்றாள்.

அவன் தலையைப் பின்னால் சாய்த்து அறை அதிரச் சிரித்தான். பாவி, ஒரு நிமிஷம் உயிரே போயிடுச்சு என்றான். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் இப்பதான் நீ தொழில் கத்துக்கிட்டிருக்கே என்று அவள் தலையில் தட்டினான். அந்தக் கை கனமாக, அன்பாக இருந்தது. பிறகு எழுந்து ஆம்ப்ளிஃபையரைத் தூக்கினான். அதை எப்போதும் அவனேதான் தூக்குவான், அடுத்தவரைத் தொட விட மாட்டான். இரண்டு மாடிப் படியும் இறங்கினான். தங்கை வயலின் பெட்டியோடு அவன் பின்னாலேயே இறங்கினாள். டயர் கடை வாசலில் காரின் பின்பக்கத்தில் அதை வைத்து மூடினான். செருப்பு வாரைச் சரிசெய்கிறவன் மாதிரி நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்தான். டயர் கடைக்காரர்தான் முதலில் ஓடிவந்தார்.

அண்ணி மயங்கி விழவில்லை. ஆஸ்பத்திரி நடையில் நேராக உட்கார்ந்து, டாக்டர் அம்மா போன் பண்ணினதா சொல்றாங்களே, உனக்கு எப்ப வந்துச்சு என்று மட்டும் கேட்டாள்.

"டேக் முடிஞ்சப்புறம்தான் அண்ணி. அவனைக் கூட்டிக்கிட்டு வரத்தான் கீழே இறங்கினோம்."

"கடைசியா என்ன பண்ணிக்கிட்டிருந்தாரு?"

"சிரிச்சான்."

அது உண்மை என்பதால் அண்ணி நம்பினாள். முன்னதையும் சேர்த்தே நம்பினாள்.

‘வெயில் வந்த பிறகு’ மூன்று மாதத்தில் வெளிவந்தது. எட்டாம் பாட்டு எல்லா இடத்திலும் ஒலித்தது. சாவு தெரிந்து பாடியவன் குரல் என்று எழுதினார்கள். ஒருமுறையாவது சரியாக எழுதிவிட்டார்கள் என்று தங்கை நினைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் பகலில் அண்ணி காதுகாரரின் அறைக்கு வந்தாள். தங்கையும் அங்கே இருந்தாள். அண்ணி ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை.

"பாட்டு வேணாம் சார், அது எல்லார்கிட்டயும் இருக்கு. நடுவுல அவர் சும்மா பேசினது, டீ கேட்டது, உங்களைத் திட்டினது, அந்த மாதிரி ஏதாவது டேப்புல இருந்தாக் கொடுங்க. வீட்டுல அவர் பேச்சே இல்லாம இருக்கு."

காதுகாரர் தங்கையைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் அலமாரியில் புதுப் பெட்டி இருந்தது. அதன் முதுகில், அவருடைய குண்டு குண்டான கையெழுத்தில், தேதியும் எட்டு என்கிற எண்ணும்.

"பாட்டு ஆரம்பிச்சப்புறம்தான் அண்ணி இங்க டேப்பு ஓடும்" என்றாள் தங்கை. "முன்னால பேசறது எதுவும் இருக்காது."

காதுகாரர் ஆமாம் என்று தலையசைத்தார்.

அண்ணி பரவாயில்லை என்றாள். பாடுவதற்கு முன்னால் ஒரு மூச்சு வாங்குகிறாரே, அது மட்டும் பாட்டு இல்லை, அவரேதான் என்றாள். தினமும் அந்த மூச்சு வரைக்கும்தான் கேட்பாளாம். உடனே நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து போடுவாளாம்.